பார்னலை வீழ்த்திய விவாகரத்து

ஹோம் ரூல் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு அன்னி பெசன்ட் அம்மையார்தான் நினைவுக்கு வருவார். 1916-ல் சென்னையில் அவர் தொடங்கிய இயக்கத்துக்கு அந்தப் பெயர் வந்தது அயர்லாந்திலிருந்து. அங்கே அந்தக் கோரிக்கையை லண்டன் பார்லிமெண்டே அசையும்படி செய்தவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னல். ஜனங்கள் அவரை முடிசூடா மன்னர் என்றார்கள். அப்பேர்ப்பட்டவரின் அரசியல் ஒரு விவாகரத்து வழக்கோடு முடிந்துபோனது.

1887-ல் 'டைம்ஸ்' பத்திரிகை, அவர் கொலைகாரர்களுக்குப் பரிந்து எழுதியதாக ஒரு கடிதத்தை வெளியிட்டது. 1889-ல் அது போலி என்று நிரூபணமாகி, எழுதிய ஆசாமியும் தற்கொலை செய்துகொண்டான். காமன்ஸ் சபையில் எழுந்து நின்று பார்னலை வரவேற்றார்கள். அதே வருஷம் டிசம்பர் 24-ம் தேதி, கேப்டன் ஓஷே தன் மனைவி கேத்தரின் மீது வழக்குப் போட்டார். பிரதிவாதிகளில் பார்னலும் ஒருவர்.

பார்னல்-கேத்தரின் உறவு 1880-லேயே தொடங்கியது. குழந்தைகளும் பிறந்தன. கணவருக்கு இது தெரியாது என்பதை நான் நம்பமாட்டேன். 1886-ல் கால்வே தொகுதியை, கட்சிக்காரர்கள் முறுமுறுத்தும், பார்னல் அந்த மனிதருக்கே வாங்கிக் கொடுத்தார். கேத்தரினுக்குப் பணக்காரப் பெரியம்மா ஒருவர் இருந்தார். அந்த அம்மாள் 1889-ல் இறந்து, சொத்து முழுவதும் கேத்தரினுக்கு என்று உயில் வெளியான பிறகுதான் கேப்டனுக்கு ரோஷம் வந்தது!

பார்னல் எதிர்வழக்காடவில்லை. கணவர் தெரிந்தே விட்டுவைத்தார் என்று நிரூபித்திருந்தால் விவாகரத்தே கிடைத்திருக்காது. கேத்தரினை மணக்கவும் முடியாது. ஆகவே வாயைத் திறக்கவில்லை. கோர்ட்டில் சொன்னதெல்லாம் மறுப்பில்லாமல் பத்திரிகைக்குப் போயிற்று. அவர் மாடியிலிருந்து ஏணி வழியாக இறங்கி ஓடினார் என்று வேலைக்காரி சொன்னதை வைத்து ஊரே சிரித்தது.

1890 நவம்பரில் தீர்ப்பு. பார்னல் நீடித்தால் தன்னால் லிபரல் கட்சியை நடத்த முடியாது என்று கிளாட்ஸ்டன் எழுதினார். அவருக்கும் பார்னலுக்கும் இடையே வருஷக்கணக்கில் தூது போய் வந்தது இதே கேத்தரின்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். டிசம்பரில் கட்சி உடைந்தது. பாதிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் வெளியேறினார்கள். கத்தோலிக்க பிஷப்புகளும் எதிர்த்தார்கள். மூன்று இடைத்தேர்தல்களில் அவர் நிறுத்திய ஆட்கள் தோற்றார்கள்.

ஹார்டிங்டன் பிரபுவுக்கும் மான்செஸ்டர் சீமாட்டிக்கும் இருந்த தொடர்பு லண்டன் மேல்தட்டு முழுக்கத் தெரிந்ததுதான். ஆனாலும் அவர் கட்சித் தலைவராகவும் மந்திரியாகவும் இருந்தார். அது கோர்ட்டுக்கு வரவில்லை, அவ்வளவே வித்தியாசம். சார்லஸ் டில்க் பெயர் ஒரு விவாகரத்து வழக்கில் அடிபட்டது. பிரதமராவார் என்று பேசப்பட்டவர், 1886-க்குப் பின் மந்திரியாகவே ஆகவில்லை.

பார்னலும் கேத்தரினும் 1891 ஜூனில் மணந்துகொண்டார்கள். ஓயாமல் ஊர் ஊராகப் போய், மழையில் நனைந்து பேசிக்கொண்டிருந்தவர், அக்டோபர் 6-ம் தேதி 45 வயதில் இறந்தார். கேத்தரின் அதற்குப்பின் 29 வருஷம் உயிரோடிருந்தார். அவருடைய பெயரைக் 'கிட்டி' என்று சுருக்கி, வசவாகவே வழங்கினார்கள். ஓஷேயை யாரும் அப்படி வைததாக நான் படித்ததில்லை.