வால்ஹல்லா

வால்ஹல்லா, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னுக்குக் கிழக்கே சுமார் 180 கி.மீ. தொலைவில் மலைகளுக்கிடையே உள்ள சிற்றூர். 2016 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 20. நார்ஸ் புராணத்தில் போரில் மாண்ட வீரர்கள் சென்று சேரும் மண்டபத்தின் பெயர்தான் ஊருக்கும்.

தாம்சன் ஆற்றில் கலக்கும் ஸ்ட்ரிங்கர்ஸ் ஓடை அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு இது. அடியில் ஓடைக்கும் ஒரு தெருவுக்கும் போக மிச்ச இடம் சொற்பம். ஆகவே வீடுகள் கற்சுவர் எழுப்பிய சரிவுகளில் ஏறிக்கொண்டன. இடுகாடும் செங்குத்துச் சரிவில்தான். தீயணைப்பு நிலையத்தை ஓடையின் குறுக்கே பாலம்போலக் கட்டினார்கள். கிரிக்கெட் ஆட ஒரு குன்றின் உச்சியைச் சீவிச் சமப்படுத்தினார்கள். வண்டி போகாது, மட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். வெளியூர் அணிக்கு ஆட்டம் தொடங்குமுன்பே மூச்சு வாங்கியிருக்கும்.

இப்பகுதி குனாய்குர்னாய் மக்களின் பூர்வீக நிலம். 1862-63 வாக்கில் எட்வர்ட் ஸ்ட்ரிங்கரின் குழு ஓடையில் தங்கம் கண்டது. ஓடைக்குத் தம் பெயரை விட்டுப்போன ஸ்ட்ரிங்கர் 1863-லேயே இறந்துவிட்டார். செல்வம் பிறருக்குப் போனது. கோகன்ஸ் ரீஃப் என்னும் குவார்ட்ஸ் பாறைத்தொடரை ஒட்டி எழுந்த லாங் டனல் சுரங்கம் மாநிலத்தின் பெரும் தங்கச் சுரங்கங்களுள் ஒன்றானது. அதன் அண்டைச் சுரங்கமான லாங் டனல் எக்ஸ்டெண்டடில் நீராவி எந்திரத்தையே மலைக்குள் குடைந்த அறையில் நிறுத்தியிருந்தார்கள். அந்த அறையை இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

கொதிகலன்களுக்கு விறகு ஓயாமல் வேண்டியிருந்தது. சுற்றுமலைகளை மொட்டையடித்தார்கள், பிறகு விறகு தொலைவிலிருந்து வந்தது, செலவு ஏறியது. இன்று ஊரை மூடியிருக்கும் பசுங்காடு, அதற்குப்பின் தழைத்தது. பழைய ஒளிப்படங்களில் தெரிவது வெறும் மொட்டை மலைகளே.

மோ நகரிலிருந்து குறுகிய இருப்புப்பாதை 1910-ல்தான் வந்து சேர்ந்தது. அடுத்த நான்கே ஆண்டுகளில், 1914-க்குள், பெருஞ்சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊரை வளர்க்க வந்த ரயில், பிரித்தெடுத்த வீடுகளை வெளியூருக்குச் சுமந்தது. 1944-ல் அதுவும் நின்றது. தன்னார்வலர்கள் மீட்ட பகுதியில் இப்போது தாம்சன் நிலையம் வரை சுற்றுலா ரயில் ஓடுகிறது.

கான்பெரா அருகே முடியும் சுமார் 650 கி.மீ. நீள ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் நடைபாதை இங்கிருந்து தொடங்குகிறது. பொது மின்தடத்தோடு ஊர் இணைக்கப்பட்டது 1998-ல்.