முரசும் பியூகிளும் எங்களுக்குக் கற்றுத் தந்தவை

எழுபதுகளின் இறுதியில், தஞ்சைக் கடற்கரையோர ஊர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் நாங்கள் பதின்மூன்று பேர் சாரணர் முரசு அணியில் இருந்தோம். ஆறு சைடு டிரம், ஒரு பேஸ் டிரம், ஒரு சோடி சிம்பல், நான்கு பியூகிள், முன்னே கோல் ஏந்தி நடக்கும் அணித்தலைவன். எங்களுள் ஒன்பது பேர் முஸ்லிம்கள். மற்ற நால்வரில் இருவர் மீனவத் தெருவையும் இருவர் பெருமாள் கோயில் தெருவையும் சேர்ந்தவர்கள். இன்று பேரப் பிள்ளைகளைக் கண்டுவிட்ட நாங்கள், அந்த அணியைப் பற்றியும் அந்தக் கருவிகள் எங்கிருந்து வந்தன என்பது பற்றியும் இளைய தலைமுறைக்குச் சொல்லிவைக்க விரும்புகிறோம்.

பியூகிள் எளிய கருவி. எக்காளத்துக்கு இருப்பது போன்ற அழுத்துக் கட்டைகள் அதற்கு இல்லை. உதடுகளை இறுக்கியும் தளர்த்தியும் மூச்சைச் செலுத்தியே சுரங்களை எழுப்ப வேண்டும். படை முகாம்களில் ஊதப்படும் அழைப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஐந்தே சுரங்களுக்குள் அடங்கிவிடும். எங்களுக்கு முதல் சுரம் ஒழுங்காக வருவதற்கே ஒரு மாதம் ஆயிற்று. டிரம்களோ தோல் போர்த்தியவை. ஐப்பசி மழையில் தோல் தளர்ந்து ஓசை மங்கிப்போகும். ஸஹர் நேரத்தில் எங்களை எழுப்ப வரும் பக்கீர் பாவாக்கள் தம் தப்ஸை அனலில் காட்டிச் சூடேற்றுவதைப் பார்த்திருந்த நாங்கள், டிரம்களை வெயிலில் வைத்துக் காயவைக்கத் தனியாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

இவை வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற கருவிகள் என்றுதான் அப்போது எண்ணியிருந்தோம். வரலாற்றைப் படித்தபோதுதான் பாதி உண்மையே எங்களுக்குத் தெரிந்திருந்தது என்பது விளங்கிற்று. உஸ்மானியப் பேரரசின் படைகளோடு மெஹ்தர் என்னும் இசையணி சென்றது. நம் தவிலை நினைவூட்டும் பெயர் கொண்ட தவுல் என்ற பெருமுரசு, ஸில் எனப்பட்ட வெண்கலத் தாளம், நக்காரா என்னும் இரட்டை முரசு, ஸுர்னா என்னும் குழல் ஆகியவை அதில் முழங்கின. அந்த முழக்கத்தைக் கேட்டு அஞ்சிய ஐரோப்பியப் படைகளே, 18ஆம் நூற்றாண்டில் பெருமுரசையும் தாளத்தையும் தம் அணிகளில் சேர்த்துக்கொண்டன. பேஸ் டிரம்மும் சிம்பலும் ஐரோப்பியப் படையிசையில் நிலைபெற்றது அவ்வாறுதான். நக்காரா அதற்கும் முன்னரே, சிலுவைப் போர்க் காலத்தில், ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு நேக்கர் என்று பெயர். நம் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் முழங்கிய நகராவும் அதே குடும்பத்துப் பிள்ளைதான்.

காலம் பின்னர் திசை மாறியது. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிஸரிப் படையைக் கலைத்தபோது மெஹ்தரும் கலைந்தது. அதனிடத்தில் ஐரோப்பிய முறையில் ஓர் இசையணியை அமைக்க இத்தாலியரான ஜுசெப்பே டோனிசெட்டி இஸ்தான்புலுக்கு வரவழைக்கப்பட்டார். கொடுத்த முரசையே வேறு உடையில் திரும்பப் பெற்றுக்கொண்ட கதை இது. பியூகிளின் வழி வேறு. வேட்டைக்காரர் ஊதிய கொம்பே 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாடுகளின் படைகளில் பியூகிளாக உருமாறியது.

படைக்கருவிகள் சிறுவர் கைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1883இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஸ்மித் தொடங்கிய சிறுவர் அணி, முரசையும் பியூகிளையும் ஒழுக்கப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. 1907இல் பேடன்-பவல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் சாரணர் முகாமில், ஆப்பிரிக்க மானின் கொம்பை ஊதிச் சிறுவர்களை எழுப்பினார். அமெரிக்காவில் முதல் உலகப் போருக்குப் பின் முன்னாள் படைவீரர் சங்கங்கள் தொடங்கிய முரசு-பியூகிள் அணிகள் இளைஞரிடம் பரவி, 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் தேசியப் போட்டி நடத்தும் அளவுக்கு வளர்ந்தன. நம் நாட்டில் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண இயக்கம் உருவானது. அதன் கிளைகளில் ஒன்றாகத்தான் எங்கள் சிறு அணியும் இருந்தது.

எங்கள் அணி ஒருமுறை கலைந்துபோகும் நிலைக்கு வந்தது. பேஸ் டிரம் அடித்த எங்கள் தோழனின் அத்தா, மார்க்கப் பற்று மிக்கவர். மகன் முரசு சுமந்து தெருவில் நடப்பதைக் கண்டு, நாளை முதல் போகக் கூடாது என்று கூறிவிட்டார். அவரைத் தொடர்ந்து வேறு இரு வீடுகளிலும் அதே பேச்சு எழுந்தது. எங்களுக்கு அழுகையே வந்தது. ஆனால் பெரியவர்களை எதிர்த்துப் பேச எங்களுக்குத் தெரியாது. இறுதியில் அத்தாமார்களே கூடி, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்றார்கள்.

ஹஜ்ரத் ஒரு வரலாற்றை நினைவூட்டினார். மதீனாவில் தொழுகைக்கு மக்களை எவ்வாறு அழைப்பது என்று ஆலோசித்தபோது, மணி அடிக்கலாம் என்றும் கொம்பு ஊதலாம் என்றும் சிலர் கருத்துரைத்தார்கள். இறுதியில் மனிதக் குரலே அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிலால் (ரலி) அவர்கள் அழைத்தார்கள். இபாதத்தில் கொம்புக்கு இடமில்லை. அதில் உறுதியாக இருங்கள் என்றார் ஹஜ்ரத். இசைக்கருவிகள் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. பிறகு இவ்வாறு சொன்னார்: "பிள்ளைகள் திடலில் கூத்தாடவில்லை, கால் ஒழுங்கு கற்கிறார்கள். பாங்கு சொன்ன மறுகணம் குச்சி கீழே இறங்க வேண்டும். அதற்கு யார் பொறுப்பு?" எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் எழுந்து, நான் பொறுப்பு என்றார். அவர் மாற்றுமதத்தவர். அன்றிலிருந்து அஸர் பாங்கின் முதல் சொல் கேட்டதும் அவர் கை உயரும். பதின்மூன்று பேரும் அப்படியே நிற்போம்.

மார்க்கத் தீர்ப்பு சொல்வது எங்கள் வேலையன்று. ஒரு கேள்வியை எப்படி அணுக வேண்டும் என்பதை அன்று கண்டோம். அதையே இங்கே பதிவுசெய்கிறோம்.

1979 ஆகஸ்ட் 15 ரமலானில் வந்தது. நோன்பு வைத்திருந்த எங்கள் நிலையை எண்ணி, இவ்வாண்டு அணி வேண்டாம் என்று ஆசிரியர் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. அப்படியானால் பயிற்சியைச் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் வெயில் ஏறுமுன் வைத்துக்கொள்வோம் என்றார். அந்த வாரம் முழுவதும் எங்கள் முன்னிலையில் அவர் தண்ணீர் குடித்து நாங்கள் பார்த்ததில்லை.

பியூகிள் ஊதுபவனுக்கு உதட்டில் ஈரம் வேண்டும். கொடியேறும் நேரத்தில் எங்கள் பியூகிள்காரனின் உதடு காய்ந்திருந்தது. உயர்ந்த சுரத்தில் ஓசை உடைந்து காற்றாகப் போயிற்று. ஊர் முழுவதும் கூடியிருந்த திடலில் ஒரு நொடி அமைதி. அணித்தலைவன் கட்டளையிடவில்லை. ஆனாலும் பெருமோளக்காரன் தாளத்தை விடாமல் அடித்தான்; ஆறு சைடு டிரம்களும் அவனோடு சேர்ந்தன. அந்தத் தாளத்தில் மூச்சைத் திரட்டிக்கொண்டு பியூகிள்காரன் விட்ட இடத்திலிருந்து ஊதி முடித்தான். யாரும் சிரிக்கவில்லை.

அன்றிரவு தராவீஹ் முடிந்ததும் மோதினார் எங்களை அழைத்தார். ஸஹருக்கு நகரா அடிப்பவர் அவர். "தம்பிகளா, ஒருத்தன் முந்தாம, ஒருத்தன் பிந்தாம, தவறுனவனையும் சேத்துக்கிட்டு அடிச்சீங்க. சஃபுல நிக்கிறதும் அதுதான்" என்றார். தோளோடு தோள் சேர்ந்து, இடைவெளி விடாமல் நிற்கும்படி இமாம் ஒவ்வொரு வக்திலும் சொல்வதன் பொருள் எங்களுக்கு அன்றைக்குத்தான் நெஞ்சில் பதிந்தது.

நாங்கள் பள்ளி முடித்துச் சென்ற சில ஆண்டுகளில் அணி நின்றுபோயிற்று. பயிற்றுவிக்க ஆளில்லை. ஒலிபெருக்கி வந்தபின் பள்ளிவாசல் நகராவும் ஓய்ந்தது. தோல் கிழிந்த டிரம்கள் பள்ளியின் பழைய சாமான் அறையில் நெடுநாள் கிடந்ததாகக் கேள்விப்பட்டோம். எங்களுள் பலர் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டோம்.

சென்ற ஆண்டு எங்கள் பெருமோளக்காரன் வஃபாத்தானான். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். எஞ்சியிருந்தவர்களில் எட்டுப் பேர் வந்து சேர்ந்தோம். மீனவத் தெரு நண்பர் இருவரும் பெருமாள் கோயில் தெரு நண்பர் ஒருவரும் அதில் அடக்கம். சந்தூக்கை மாறி மாறித் தோளில் ஏந்தி மையவாடிக்கு நடந்தபோது, யாரும் சொல்லாமலே எங்கள் கால்கள் ஒன்றாக விழுவதை உணர்ந்தோம். பின்னால் வந்த இளைஞர்களுக்கு அது விளங்கியிராது. எங்கள் எண்மருக்கும் விளங்கியது.

அன்புள்ள பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சாரணர் அணியிலோ, தேசிய மாணவர் படையிலோ, ஊரின் பிற பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் ஒரு நல்ல முயற்சியிலோ சேர விரும்பினால், உடனே மறுத்துவிட வேண்டாம். ஐயம் இருந்தால் அறிந்தவர்களிடம் கேளுங்கள். எல்லையை வகுத்துக் கொடுங்கள். பொறுப்பேற்கும் ஆசிரியர் யாரென்று பாருங்கள். எங்கள் அத்தாமார்கள் அவ்வாறு செய்ததால்தான் நாங்கள் ஒருவரையொருவர் பெற்றோம்.

எங்கள் தோழனின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவனுடைய கப்ரை விசாலமாக்குவானாக. ஆமீன்.