சாய்ந்து நிற்கும் சுவர்

மலைப்பங்கு ஒன்றில் பணியாற்றிய நாள்களில், பங்கு இல்லத்தின் பின்புறச் சரிவில் மண் சரியாதிருக்கக் கற்சுவர் ஒன்று கட்ட முனைந்தேன். கல்லுக்குப் பஞ்சமில்லை, சரிவைக் கொத்தினாலே கிடைத்தது. சாந்தின்றிக் கல்மேல் கல் அடுக்கிக் கட்டுவது அம்மலையின் பழைய வழக்கம். அதில் தேர்ந்த முதியவர் ஒருவர் பங்கிலேயே இருந்தார். வேலை தொடங்கிய அன்று அவர், “சாமி, சுவரைக் கொஞ்சம் மலைப்பக்கமாச் சாய்ச்சுக் கட்டட்டுங்களா?” என்று கேட்டார். “கோயில் சுவர் சாய்ந்தா நிற்கிறது? நேராகவே கட்டுங்கள்” என்றேன். முகப்பின் சந்துகளையும் பார்வைக்கு அழகாயிருக்கட்டும் என்று சிமெண்டால் அடைக்கச் செய்தேன். அவர் மறுவார்த்தை பேசவில்லை.

அந்த ஐப்பசி மழையில், ஓர் இரவு சுவர் முழுவதும் விழுந்தது. மேலிருந்த மண் கீழே கைம்பெண் ஒருவர் பயிரிட்டிருந்த பீன்ஸ் பாத்திகளை மூடிற்று. பங்கு மக்கள் கட்டியவரையே குறைகூறினர். “வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது” என்றனர். உண்மை அறிந்த நான் இரண்டு ஞாயிறுகள் வாய்திறவாதிருந்தேன். இதை எழுத இன்றும் வெட்கமாகவே இருக்கிறது.

அவ்வெட்கமே என்னைப் படிக்கத் தூண்டியது. கல்லும் மண்ணும் பற்றிய நூல்களை இறையியல் கற்றவன் தேடிப் படிப்பது விந்தைதான். ஆயினும், அவற்றில் கண்ட ஒரு நிகழ்ச்சி என் நிலைமையை எனக்கே எடுத்துரைப்பதுபோல் அமைந்திருந்தது.

ஆண்டு 1834. இடம், அயர்லாந்தில் தப்ளின் நகருக்கு அருகிலுள்ள கிங்ஸ்டவுன் துறைமுகம்; இன்று தூன் லேரி எனப்படுவது. ஆங்கிலேயப் படைப்பொறியாளர் ஜான் பாக்ஸ் பர்கோயின் என்பவர் அந்நாளில் அயர்லாந்தின் பொதுப்பணி வாரியத்தை நடத்திவந்தார். (அமெரிக்க விடுதலைப் போரில், 1777-இல் சரட்டோகாவில் சரணடைந்த தளபதி பர்கோயினின் மகன் இவர்.) மண்ணைத் தாங்கும் சுவர் எவ்வடிவில் இருத்தல் வேண்டும் என்பதைத் தாளில் கணக்கிட்டவர்கள் பலர். இவரோ கட்டியே பார்த்துவிடத் துணிந்தார்.

கரடுமுரடான கருங்கற்களைச் சாந்தின்றி அடுக்கி நான்கு சுவர்கள் எழுப்பினார். ஒவ்வொன்றும் 20 அடி உயரம், 20 அடி நீளம். நான்கிற்கும் செலவான கல்லின் அளவு ஒன்றே. வடிவம் மட்டுமே வேறு. முதற்சுவர் மேலும் கீழும் ஒரே பருமன் கொண்டது, முழுவதுமாகப் பின்னோக்கிச் சாய்ந்தது. இரண்டாவதன் முகம் சாய்வு, முதுகு செங்குத்து. ஆகவே அடி அகன்றும் தலை குறுகியும் இருந்தது. மூன்றாவது அதன் மறுதலை: முகம் செங்குத்து, முதுகு சாய்வு. நான்காவது எப்பக்கமும் சாயாமல் ஒரே பருமனில் நிமிர்ந்து நின்றது. நான் விரும்பிக் கட்டுவித்த சுவரே அதுதான்.

பின்னர், சுவர்களின் முதுகுப்புறத்தில் மண்ணைக் கொட்டிக்கொண்டே வந்தனர். மண் ஏறத்தாழ 17 அடி உயர்ந்தபோது நிமிர்ந்த சுவர் விழுந்தது. முகம் செங்குத்தான மூன்றாவதும் அவ்வளவிலேயே விழுந்தது. இரண்டாவது சற்றே பிதுங்கியும் நின்றது. முதற்சுவர் மண் முழுவதும் நிரம்பிய பின்னும் அசையவில்லை. இம்முடிவுகளை அவர் 1853-இல் வெளியிட்டார். அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அவை பயன்படுகின்றன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் இத்தகைய சுவர்களை மீண்டும் முழுவளவில் கட்டிச் சோதித்தபோது, பர்கோயினின் சோதனையையே முன்னோடியாகக் கொண்டனர்.

இரண்டாவது நிற்க, அதே அளவு கல் கொண்ட மூன்றாவது ஏன் விழுந்தது? சுவர் கவிழ்வதாயின் தன் முன்பக்க அடிவிளிம்பை ஊன்றியே கவிழவேண்டும். அவ்விளிம்பிலிருந்து சுவரின் பாரம் எவ்வளவு தள்ளிப் பின்னே இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதைக் கவிழ்ப்பது அரிது. முகத்தைச் சாய்த்தால் பாரம் பின்னே போகிறது. முகத்தை நிமிர்த்தினால் பாரம் விளிம்பை நெருங்குகிறது. சாந்திட்ட சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கும். சாந்தில்லாச் சுவருக்குத் தன் பாரமும் கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள உராய்வுமன்றி வேறு பிடிப்பில்லை. முதியவர் தாம் கேட்ட ஒரே கேள்வியில் இவ்வளவையும் அடக்கியிருந்தார்.

மற்றொரு பிழையும் என்னுடையதே. மழையில் ஊறிய மண்ணின் பாரம் மிகுதி. அதற்குள் தேங்கும் நீரோ தனியே சுவரைத் தள்ளும். சாந்தில்லாச் சுவரின் பெரும் நன்மை, அதன் ஒவ்வொரு சந்தும் ஒரு மதகு என்பதே. சந்துகளை அடைத்ததால், சுவரை ஓர் அணையாக்கிவிட்டேன்.

இத்தகைய சுவர்களாலேயே வாழ்ந்த ஊர்கள் உலகில் பல உண்டு. வட இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் சிங்குவே தெர்ரே, அதாவது ‘ஐந்து நிலங்கள்’, எனப்படும் ஐந்து சிற்றூர்கள் இருக்கின்றன: மொந்தெரொஸ்ஸோ, வெர்னாத்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே. கடலிலிருந்து செங்குத்தாய் எழும் மலையில் உழ ஒரு முழ நிலமும் இல்லை. அம்மக்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாகக் கல்லடுக்கி, படிப்படியாய் நிலத்தை உண்டாக்கித் திராட்சை வளர்த்தனர். இவர்களும் ஒருநாள் கற்றுக்குட்டிகளாய் இருந்தவர்களே. விழுந்த சுவர்களே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். 1997-இல் யுனெஸ்கோ இந்நிலப்பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ஆனால், அச்சுவர்கள் ஆண்டுதோறும் கை பட்டால்தான் நிற்கும். 19-ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதையும் லா ஸ்பெத்ஸியாவின் கப்பற்படைத் தளமும் வந்தன. பிறகு சுற்றுலா வந்தது. இளைஞர் வேறு பிழைப்பைத் தேடினர். பல படிநிலங்கள் காடாயின. 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய பெருமழையில் வெர்னாத்ஸாவும் மொந்தெரொஸ்ஸோவும் சேற்றில் மூழ்கின, உயிர்கள் மாண்டன. நெடுங்காலத்துக்கு முன் கைவிடப்பட்டு அடர்ந்த காடாகிவிட்ட இடங்களைவிட, அண்மைக்காலத்தில் கைவிடப்பட்ட படிநிலங்களிலேயே மண்சரிவு மிகுந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். அங்கே பேண ஆளில்லை. மண்ணைப் பிடிக்கும் மரங்களும் இன்னும் வளரவில்லை.

விவிலியம் பயில்வோர்க்கு இச்சுவர்கள் புதியன அல்ல. எபிரேயத்தில் இவற்றிற்குக் கதேர் என்று பெயர். எண்ணிக்கை நூல் 22-ஆம் அதிகாரத்தில் பிலயாமின் கழுதை அவர் காலை நெருக்கியது, திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே இருபுறமும் இருந்த இத்தகைய சுவரின்மீதுதான். எசாயா 5-ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்டத்துக்காரர் முதலில் நிலத்தின் கற்களைக் களைகிறார். அதிகாரம் சற்று நகர்ந்ததும் அத்தோட்டத்துக்குச் சுவர் இருந்ததை அறிகிறோம். குருமடத்தில் இப்பகுதியைப் பலமுறை படித்திருந்தும், களைந்த கல்லே சுவருக்கான கல் என்பது என் மனத்தில் படவில்லை. கடப்பாரை பிடித்த பின்பே பட்டது.

பெத்லகேமுக்கு மேற்கே பத்தீர் என்னும் ஊரில் இத்தகைய படிநிலங்கள் இன்றும் பயிராகின்றன. ஒலிவமும் காய்கறியும் விளையும் அந்நிலங்களுக்கு ஊற்றுநீரை எட்டுக் குடும்பத்தார் நாள்முறை வைத்துப் பகிர்வதால், அவ்வூரில் தண்ணீருக்கு வாரம் எட்டு நாள் என்பர். 2014-இல் அதுவும் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது; அவ்வாண்டே ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. சாந்தில்லாக் கல்கட்டுக் கலையையே 2018-இல் எட்டு ஐரோப்பிய நாடுகளின் பொது மரபாக யுனெஸ்கோ ஏற்றது; 2024-இல் மேலும் சில நாடுகள் சேர்ந்தபோது, பர்கோயின் சோதனை நடத்திய அயர்லாந்தும் அவற்றுள் ஒன்றாயிற்று.

மூன்றாம் ஞாயிறு திருப்பலி முடிவில், சுவர் விழுந்தது என் பிடிவாதத்தால்தான் என்று பங்கு மக்களிடம் சொன்னேன். பாத்திகளை இழந்த அம்மாளுக்கு என்னால் இயன்றதைக் கொடுத்தேன். பிறகு முதியவரிடம் சென்று, மீண்டும் கட்ட வேண்டினேன். “நீங்களும் கல்லு தூக்கறதா இருந்தா வர்றேன் சாமி” என்றார்.

தூக்கினேன். கெட்டி மண் தெரியும்வரை தோண்டி, அடிக்கற்களை மலைப்பக்கம் தாழ்ந்திருக்குமாறு படுக்க வைத்தோம். கல்லின் நீளம் மலைக்குள் போகவேண்டும், முகத்தில் காட்டக்கூடாது என்றார். ஒரு கல்லின்மேல் இரண்டு, இரண்டின்மேல் ஒன்று. சந்தின்மேல் சந்து வரலாகாது. இடையிடையே முகத்திலிருந்து முதுகுவரை நீளும் கல்லொன்று. பின்னே மண்ணை அல்ல, உடைகல்லையே நிரப்பினோம்; மறைக்கல்விப் பிள்ளைகள் கூடைகூடையாகக் கொண்டுவந்து தந்தனர். ஆறடி உயரத்துக்கு ஓரடி சாய்வு. நூல் பிடித்துப் பார்த்தது நான். அவர் கண்ணாலேயே பார்த்தார்.

அடுத்த மழையில் சந்துகள் எல்லாவற்றிலும் நீர் கசிந்தது. முதலில் கலங்கலாக, விடியற்காலையில் தெளிவாக. ஒரேயொரு கல் விரற்கடை அளவு பிதுங்கியிருந்தது. அகன்ற பக்கம் அழகாயிருக்கிறதென்று முகத்தில் நீளவாக்கில் வைக்கப்பட்ட கல் அது. யார் வைத்தது என்று முதியவர் கேட்கவில்லை.