பிறக்காமலே போன சுண்டெலிகள்

ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதை எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான் நேர்வழி. ஃப்யூஸைப் பிடுங்கினால் எந்த விளக்கு அணைகிறது என்று தெரிந்துவிடும் அல்லவா, அதுபோல! இப்படி ஒரு குறிப்பிட்ட மரபணுவைச் செயலிழக்கச் செய்த சுண்டெலிக்குப் பெயர் 'நாக்-அவுட் எலி'. அதற்கு வழிகண்ட கபெச்சி, எவன்ஸ், ஸ்மிதீஸ் மூவரும் 2007இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சில குடும்பங்களில் பாட்டி, தாய், மகள் என்று மார்பகப் புற்றுநோய் தொடர்ந்து வரும். அதற்குக் காரணமான மரபணு ஒன்று 17வது குரோமோசோமில் இருப்பதை 1990இல் மேரி-கிளேர் கிங் காட்டினார். 1994இல் அது பிடிபட்டது. பெயர் பி.ஆர்.சி.ஏ.1.

அடுத்து என்ன, எலிதான். எதிர்பார்ப்பும் இருந்தது. பி53 என்ற இன்னொரு தடுப்பு மரபணுவை 1992இல் நீக்கியபோது எலிகள் நல்லபடியாகப் பிறந்தன, சில மாதங்களில் கட்டிகள் வந்தன. இதிலும் அப்படித்தானே நடக்க வேண்டும்?

நடக்கவில்லை. 1996இல் வந்த முடிவுகளின்படி, தாய்வழி தந்தைவழி இரண்டு பிரதிகளையும் இழந்த கருக்கள் வயிற்றிலேயே இறந்தன. டொராண்டோவில் டாக் மாக் குழுவினரின் எலிக் கருக்கள் எட்டு நாள்கூடத் தாங்கவில்லை. சரி, ஒரு பிரதி மட்டும் இழந்தவை? நோய் ஆபத்துள்ள பெண்களின் நிலையும் அதுதானே! அந்த எலிகளோ கட்டி எதுவும் இல்லாமல் சுகமாக வாழ்ந்தன.

இதில் பெரிய முரண் ஒன்று உண்டு. தடுப்பு மரபணு போனால் செல்கள் தறிகெட்டுப் பெருக வேண்டும். இங்கேயோ பெருகுவதே நின்றுவிட்டது. காரணம், பி.ஆர்.சி.ஏ.1 வெறும் பிரேக் அல்ல, உடைந்த டி.என்.ஏ.வை ஒட்டவைக்கும் மெக்கானிக். மெக்கானிக் இல்லாவிட்டால் சேதம் குவிகிறது, பி53 அபாய மணி அடித்து செல்லை நிறுத்திவிடுகிறது. பி53ஐயும் சேர்த்து நீக்கியபோது கருக்கள் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது இதற்கு நல்ல சாட்சி.

வழி பிறந்தது 1999இல். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் சூ-ஷியா டெங் குழுவினர், மார்பகத் திசுவில் மட்டும் அந்த மரபணுவை நீக்கினார்கள். எலிகள் பிறந்தன, வளர்ந்தன. சுமார் ஒரு வருடம் கழித்து சிலவற்றுக்கு மார்பகக் கட்டி வந்தது! பி53 ஒரு பிரதி குறைந்தால் இன்னும் சீக்கிரம் வந்தது.

இந்த மாதிரி எலிகளில்தான் 2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஓலாபரிப் மருந்தைச் சோதித்தார்கள். கட்டிகள் சுருங்கின, நாளடைவில் சில கட்டிகள் மருந்துக்கு மசியவும் மறுத்தன. பரம்பரைப் பழுதால் வரும் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்கா அதை அனுமதித்தது 2018இல்.