அம்பர் லாகரும் அம்மாவோட மால்ட்டும்

முதல்லயே சொல்லிடறேன், குடி குடியைக் கெடுக்கும். இது சுத்தமான வரலாற்றுப் பதிவு, நம்புங்க :-)

போன சனிக்கிழமை ரூம்மேட் ப்ரூக்ளின் லாகர் ஒரு சிக்ஸ் பேக் வாங்கிட்டு வந்தான். ஊர்ல காலேஜ் படிக்கறப்போ நாங்க பீர் குடிச்ச விதமே வேற. எவ்வளவு ஸ்ட்ராங், எவ்வளவு கூலிங், அவ்வளவுதான் கேள்வி. ருசின்னு ஒண்ணு இருக்கறதா யாரும் சொல்லலை. இதை கிளாஸ்ல ஊத்தினதும் முதல்ல கண்ல பட்டது கலர்தான். நம்ம வழக்கமான மஞ்சள் இல்ல, நல்ல தேன் கலர். மேல கெட்டியா நுரை. மோந்து பார்த்தா ஒரு மாதிரி பூ வாசனை, அதுக்கு அடியில... இது எனக்குத் தெரிஞ்ச வாசனையாச்சே!

ரெண்டாவது வாய்ல பிடிபட்டுது. எங்க அம்மா ராகி மால்ட்டுக்கு வறுக்கற வாசனை.

சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. அம்மா கேழ்வரகை ராத்திரி ஊறவெச்சு, துணியில கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் உலர்த்தி, வாணலியில வறுத்து, மில்லுல குடுத்து அரைப்பாங்க. பீருக்கு பார்லியையும் இதேதான் பண்றாங்க, ஊறவெச்சு, முளைக்கவிட்டு, சூட்டுல காயவைக்கறது. முளைக்கறப்போ தானியத்துல என்சைம் உருவாகுது. மாவுச்சத்தைச் சர்க்கரையா மாத்தறது அதுதான். காயவைக்கற சூடுதான் கலரையும் வாசனையையும் முடிவு பண்ணுது. இந்த அம்பர் கலரோட கதையே அந்தச் சூட்டுலதான் இருக்கு.

1833-ல ரெண்டு பசங்க பிரிட்டனுக்கு டூர் கிளம்பினாங்க. ஒருத்தர் மியூனிக் நகரத்து ஸ்பாட்டன் பீர் ஆலைக்காரர் மகன் காப்ரியேல் ஸெட்ல்மயர். இன்னொருத்தர் வியன்னா பக்கத்துல ஷ்வெஹாட்ல ஆலை வெச்சிருந்த குடும்பத்துப் பையன் ஆன்டன் ட்ரெஹர். (இன்னிக்கு வியன்னா ஏர்போர்ட் இருக்கறது அதே ஷ்வெஹாட்லதான்.) பீர் தொழில்ல அப்போ பிரிட்டன்தான் முன்னாடி இருந்துது. தெர்மாமீட்டர், சர்க்கரை அளவைப் பார்க்கற சாக்கரோமீட்டர் எல்லாம் வெச்சு கணக்கா காய்ச்சிட்டு இருந்தாங்க. மால்ட்டையும் புகை படாம, சூட்டைக் கட்டுப்படுத்திக் காயவெச்சாங்க.

நம்மாளுங்க ஆலை ஆலையா விருந்தாளியாப் போய் சுத்திப் பார்த்தாங்க. கையில ஒரு கைத்தடி. உள்ள குழாய், அடியில வால்வு! யாரும் பார்க்காதப்போ தொட்டியில முக்கி எடுத்துட்டு, ரூமுக்கு வந்து அளந்து பார்த்து எழுதி வெச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு ஆபீஸ்ல பண்ணினா ஹெச்.ஆர் அன்னிக்கே வெளிய அனுப்பிடுவாங்க. பச்சையாச் சொன்னா திருட்டுதான்.

ஆனா திருடினதை அப்படியே காப்பி அடிக்கலை. ஊருக்குத் திரும்பினதும் ட்ரெஹர் அந்த முறையில மால்ட்டை இளஞ்சிவப்பு வர்ற பதத்துக்குக் காயவெச்சாரு. இங்கிலீஷ்காரங்ககிட்ட இல்லாத விஷயம் ஒண்ணு அவர்கிட்ட இருந்துது. குளிர்ல மெதுவா வேலை செய்யற ஈஸ்ட். குளிர்ந்த பாதாள அறையில வாரக்கணக்கா வெச்சா பீர் தெளிவா, மென்மையா வரும். லாகர்ங்கற பேரே ஜெர்மன்ல சேமிச்சு வைக்கறதைக் குறிக்கற வார்த்தையில இருந்து வந்ததுதான். இந்த ரெண்டையும் சேர்த்து 1841-ல வந்துதுதான் வியன்னா லாகர். நாம இன்னிக்கு அம்பர் லாகர்னு சொல்றதுக்கு முப்பாட்டன்.

பாவம், மறு வருஷமே போட்டி வந்துடுச்சு. 1842-ல பில்சன் நகரத்துல யோசப் க்ரோல் தங்கக் கலர் பீர் காய்ச்சினாரு. உலகம் கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம் சாஞ்சுது. 20-ம் நூற்றாண்டுல வியன்னா லாகர் பிறந்த ஊர்லயே காணாமப் போச்சு. ஆனா அதுக்குள்ள பொழப்பு தேடிக் கடல் தாண்டினவங்க அந்த மாதிரி பீரையெல்லாம் கூடவே கொண்டு போயிட்டாங்க. மெக்சிகோவுல தங்கினது அப்படித்தான்.

ப்ரூக்ளின்லயும் ஜெர்மன்காரங்க ஆலைகள் ஏகப்பட்டது இருந்துது. 1920-ல இருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு வந்து பாதியை முடிச்சுது, பெரிய கம்பெனிகளோட போட்டி மீதியை முடிச்சுது. 1976-ல ஷேஃபர், ரைன்கோல்ட் ரெண்டும் அங்க மூடினதோட ஒண்ணும் மிச்சமில்லை. அப்புறம் ஸ்டீவ் ஹிண்டின்னு ஒரு பத்திரிகையாளர். மத்திய கிழக்குல வேலை பார்த்தப்போ, சவூதியில வீட்டுலயே பீர் காய்ச்சிப் பழகின அமெரிக்க அதிகாரிகளைப் பார்த்து ஆர்வம் வந்தவர். (தடை போட்ட ஊர்லதான் தொழில் வளரும் போல!) இவரும் டாம் பாட்டர்ங்கற பேங்க்காரரும் சேர்ந்து 1988-ல ப்ரூக்ளின் லாகரைக் கொண்டு வந்தாங்க. காய்ச்சினது என்னவோ யூடிகாவுல இருந்த ஒரு பழைய ஆலையில.

ஃபார்முலா போட்டுக் குடுத்தது வில்லியம் மோல்லர். அவரோட தாத்தா ப்ரூக்ளின்ல பீர் காய்ச்சினவர். பேரன் உக்காந்து புரட்டினது தாத்தாவோட பழைய குறிப்பு நோட்டை. எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் இதுதான். ஆலை போச்சு, ஆளுங்க போயிட்டாங்க, ஒரு நோட்டு மட்டும் இருந்துது. நம்ம பாஷையில சொன்னா சர்வர் எல்லாம் எரிஞ்சப்புறம் ஒரு பேக்கப்.

ட்ரெஹர் குடிச்ச அதே ருசியான்னு கேட்டா, கிடையாது. பார்லி வேற, ஈஸ்ட் வேற. 5.2 சதவீதம் ஆல்கஹால், வறுத்த ரொட்டி ருசி, லேசா கேரமல் இனிப்பு. பதப்படுத்தறப்போ மறுபடியும் ஹாப்ஸ் போடறதால அந்தப் பூ வாசனை. கடைசியில நாக்குல நிக்கற கசப்பு. எனக்குப் பிடிச்சுது.

மறுநாள் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அம்மா, மால்ட்டுக்கு கேழ்வரகை எவ்வளவு நேரம் வறுப்ப?"

"வாசனை வந்தா இறக்கிடுவேன். இதுக்கெல்லாமா கணக்கு? ஏன்டா திடீர்னு?"

"சும்மாதாம்மா... ஆபீஸ்ல பேச்சு வந்துது."

எங்க வீட்டுல நோட்டு கிடையாது. அம்மாவோட மூக்குதான் நோட்டு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் எடுத்துட்டுப் போய் அடுப்புக்கிட்டயே நிக்கப்போறேன். எனக்கு வால்வு வெச்ச கைத்தடியெல்லாம் வேண்டாம், கேட்டா அம்மாவே சொல்லுவாங்க. ஏன் கேக்கறேன்னு மட்டும் இன்னொரு தடவை கேக்காம இருக்கணும் :-)