மறுக்கப்பட்ட ஆசனம்

1966 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலத்தின் சட்டசபை அட்லாண்டா நகரிற் கூடியது. உறுப்பினர் யாவரும் சத்தியப் பிரமாணஞ் செய்யவிருந்த வேளையில், இருபத்தாறு வயது நிரம்புவதற்கு இன்னும் நான்கு நாட்களே இருந்த இளைஞர் ஒருவரை மட்டும் விலகி நிற்குமாறு சபையின் செயலாளர் பணித்தார். அவ்விளைஞரின் பெயர் ஜூலியன் பொண்ட்.

அம்மாநிலத்தின் பிரதிநிதிகள் சபையில் 1907 ஆம் ஆண்டுக்குப் பின்னர்க் கறுப்பினத்தவர் எவரும் அமர்ந்ததில்லை. குடிசனத் தொகைக்கேற்பவே தொகுதிகள் வகுக்கப்படல் வேண்டுமென்று 1964 இல் நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததன் பயனாகத் தொகுதிகள் புதிதாகப் பிரிக்கப்பட்டன. அதனையடுத்து 1965 இல் நடந்த தேர்தலிலே கறுப்பினத்தவர் எண்மர் வெற்றி பெற்றனர். அவருள் ஒருவரான பொண்ட், 136 ஆந் தொகுதியில் 2,320 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்றவருக்குக் கிடைத்தவை 487.

பொண்டின் தந்தையார் பல்கலைக்கழகமொன்றின் தலைவராய் விளங்கிய கல்விமான். மகனோ, அட்லாண்டாவிலுள்ள மோர்ஹவுஸ் கல்லூரியிற் படித்துக்கொண்டிருந்தபோதே, பட்டம் பெறுமுன் படிப்பை நிறுத்திவிட்டு, நிறவேற்றுமையை அறவழியில் எதிர்த்த மாணவர் இயக்கத்திற் சேர்ந்து அதன் செய்தித் தொடர்புப் பணியை ஏற்றார். பாடசாலையிலே காலங் கழித்த என் போன்றோருக்கு இஃது உவப்பான செய்தியன்று. அக்கதைக்குப் பின்னர் வருவேன்.

அவ்வாண்டு ஜனவரித் தொடக்கத்தில், அலபாமா மாநிலத்தில் சாமி யங் என்னும் கறுப்பின இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். கடற்படையிற் சேவை செய்து திரும்பியவர் அவர். பெற்றோல் நிலையமொன்றிலே வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றதே அவர் செய்த குற்றம். சில நாட்களுக்குள், ஜனவரி 6 ஆம் நாள், மாணவர் இயக்கம் வியட்னாம் போரைக் கண்டித்து அறிக்கையொன்றை வெளியிட்டது. அவ்வறிக்கையைப் பொண்ட் எழுதினாரல்லர். வானொலி நிலையமொன்றின் நிருபர் தொலைபேசியில் அழைத்து, இதனை நீர் ஏற்கின்றீரா என வினவினார். ஏற்கின்றேன் என்றார் பொண்ட். நேயர்களே, அந்த வானொலிப் பேட்டியே அவருக்கு வினையாயிற்று.

அவரைச் சேர்த்துக்கொள்ளலாகாது எனச் சபை உறுப்பினர் எழுபத்தைவர் மனுக் கொடுத்தனர். நாட்டின் அரசியலமைப்பைக் காப்பேன் என இவர் உளமாரப் பிரமாணஞ் செய்ய இயலாது என்பதே அவர்தம் வாதம். விசாரணையிலே, கட்டாய இராணுவ சேவை அட்டைகளை எரிப்போரைப் பற்றி வினவப்பட்டது. தாம் தமது அட்டையை எரித்ததில்லை என்றும், பிறரை எரிக்கத் தூண்டியதுமில்லை என்றும், விளைவை அறிந்தே அச்செயலைச் செய்வோரின் துணிவை மதிக்கிறேன் என்றும் விடையிறுத்தார். தேர்தலில் அவரிடந் தோற்ற போட்டியாளர்களே முன்வந்து அவருடைய நல்லொழுக்கத்துக்குச் சான்று கூறினர்! எனினும் 184 வாக்குகளுக்கு 12 என்ற கணக்கில் ஆசனம் மறுக்கப்பட்டது.

நிறத்தின் பொருட்டே தடுத்தனர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஏனைய கறுப்பின உறுப்பினர் எழுவரும் அன்றே பிரமாணஞ் செய்து அமர்ந்தனர். நிறப்பகை அறவே இருக்கவில்லை என்றும் எவருஞ் சாதிக்க முடியாது. வழக்கிலே முன்னின்றது வேறொரு வினா. சாதாரணக் குடிமகன் ஒருவன் இவ்வாறு பேசினால் அவனைத் தண்டித்தல் இயலாது என்பதை மாநில அரசே ஒப்புக்கொண்டது. சட்டமியற்றும் உறுப்பினனுக்கோ அதனினும் இறுக்கமான அளவுகோல் வேண்டும் என்று அது வாதாடியது. முதலில் விசாரித்த கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதியரசர் மூவருள் இருவர் சபையின் பக்கமே நின்றனர்.

பொண்ட் மேன்முறையீடு செய்தார். அதற்கிடையில், வெற்றிடமென அறிவிக்கப்பட்ட தொகுதிக்குப் பெப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. மக்கள் அவரையே மீண்டும் தெரிவு செய்தனர். நவம்பர்ப் பொதுத் தேர்தலிலும் அவ்வாறே. வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவரையே மும்முறை அனுப்பிய அத்தொகுதி மக்களின் உறுதி, நீதிமன்றத்தில் நிகழ்ந்த வாதங்களிலும் பெரிதென எனக்குத் தோன்றுகின்றது.

டிசம்பர் 5 ஆம் நாள் உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அதனை எழுதியவர் பிரதம நீதியரசர் ஏர்ள் வாரன். சர்ச்சைக்குரிய விடயங்களிலே தம் நிலைப்பாட்டை வெளிப்படக் கூறுவது பிரதிநிதிகளின் கடமை. அப்பொழுதுதான் வாக்காளர் அவர்களை எடைபோட முடியும் என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே உறுப்பினனின் நாவுக்குக் குடிமகனின் நாவிலுங் குறைந்த உரிமையே உண்டென்ற வாதம் நிற்கவில்லை. 1967 ஜனவரியில் பொண்ட் பிரமாணஞ் செய்து தமது ஆசனத்தில் அமர்ந்தார்.

அடுத்த ஆண்டு சிக்காகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டிலே உப ஜனாதிபதி பதவிக்கு அவர் பெயர் பிரேரிக்கப்பட்டது. அப்பதவிக்கு முப்பத்தைந்து வயது வேண்டும், அவருக்கோ இருபத்தெட்டு. ஆதலின் விலகிக்கொண்டார். 1975 வரை அச்சபையிலும், பின்னர் 1987 வரை மாநிலத்தின் செனற் சபையிலும் இருந்தார். 2015 இல் காலமானார்.

இடையில் விட்ட கதை ஒன்றுண்டு. 1971 ஆம் ஆண்டு அவர் மோர்ஹவுஸ் கல்லூரியில் எஞ்சிய பாடங்களை முடித்து, ஆங்கிலத்திற் பட்டம் பெற்றார். அப்பொழுது அவர் சட்டசபையிலே ஐந்தாம் ஆண்டு உறுப்பினர்.