தாய் இறாலும் தாத்தா கிணறும்

ஞாயித்துக்கிழமை காலைல தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனா எங்கம்மா மீன்காரம்மாகிட்ட கேக்குற முதல் கேள்வி இதுதான்: "ஏம்மா, இது கடல் எறாவா, பண்ணை எறாவா?" பண்ணைன்னு பதில் வந்தா அடுத்த கூடைக்கு நகர்ந்துடுவாங்க. விலையெல்லாம் அப்புறம்தான். ரொம்ப நாளா இது ஏதோ ருசி சமாச்சாரம்னு நினைச்சிட்டிருந்தேன். விஷயம் வேற. அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு (கொட்டாவி விடாம படிங்க :-)).

ஒரு காலத்துல நம்ம ஊர் இறால் காய்ஞ்ச கருவாடாத்தான் பர்மாவுக்கும் இலங்கைக்கும் போயிட்டிருந்தது. 1953ல கொச்சியிலேர்ந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறிச்சு. டாலர் வாசனை பிடிச்சதும் விசைப்படகு, இழுவலைன்னு வேகம் கூடிச்சு. 1972ல கடல் பொருள் ஏற்றுமதிக்குன்னே எம்பெடா என்ற அமைப்பைக் கொச்சியில ஆரம்பிச்சாங்க. ஆனா கடல் என்ன, ஆர்டர் கொடுத்தா கொடுத்துக்கிட்டே இருக்குமா? கரையில குளம் வெட்டி வளர்க்கலாம்னு யோசனை வந்தது. 1987ல உவர்நீர் மீன்வளர்ப்புக்காக மத்திய அரசு சென்னையில 'சிபா' ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிச்சு. வார இறுதியில நாம போட் சவாரி போற முட்டுக்காட்டுல அவங்க சோதனைக் குளங்கள் இருக்கு.

1990கள்ல பொருளாதாரக் கதவு திறந்ததும் கம்பெனிகள் இறங்கிச்சு. ஆந்திராவுல நெல்லூர், இங்க நாகப்பட்டினம் கடலோரம். அப்ப ராஜா டைகர் இறால்தான். முறை இதுதான்: கரை கட்டி குளம் போட்டு, கடல் தண்ணியை மோட்டார் வெச்சு இறைச்சு, குஞ்சு விட்டு, தீவனம் போட்டு, நாலஞ்சு மாசத்துல அறுவடை. மிச்சத் தீவனமும் கழிவும் கலந்த தண்ணியை வாய்க்கால்ல திறந்து விட்டுடுவாங்க. குளத்துல நிக்குற உப்பு சும்மா இருக்குமா... கீழ இறங்கும், பக்கத்து வயலுக்குப் போகும்.

எங்க தாத்தாவுக்கு சீர்காழிப் பக்கம் ரெண்டு ஏக்கர் நஞ்சையும் ஒரு கிணறும் இருந்தது. 1993ல சுத்தி இருந்த நிலத்தை ஒரு கம்பெனி வாங்கிச்சு (பேர் வேண்டாம், இப்ப அந்தக் கம்பெனியும் அங்க இல்லை). தாத்தா கொடுக்கலை. ரெண்டு வருஷத்துல கிணத்துத் தண்ணி கரிக்க ஆரம்பிச்சது. குடம் தூக்கிக்கிட்டு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தது எங்கம்மாவும் பாட்டியும். நாத்து நட்டா நுனி கருகும். 1998ல வந்த விலைக்கு வித்துட்டு, தாம்பரத்துல எங்களோட ரெண்டு ரூம் வீட்டுக்கே தாத்தா வந்துட்டார். சாகுற வரைக்கும், குழாய்த் தண்ணியை முதல்ல நாக்குல வெச்சுப் பாத்துட்டுத்தான் குடிப்பார்.

அதே கரையிலதான் காந்தியவாதி ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் போராடினாங்க. வினோபாவோட பூதானத்துல உழைச்சவர், கிட்டத்தட்ட 80 வயசுல 1994ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11ல தீர்ப்பு. கடலோரத்துல, உயர் அலைக் கோட்டுலேர்ந்து 500 மீட்டர் வரைக்கும் பாரம்பரிய முறை தவிர மத்த இறால் பண்ணைகள் கூடாது, விவசாய நிலத்தைப் பண்ணையா மாத்தக் கூடாது, பாழாக்கினவங்கதான் அதுக்கு விலை கொடுக்கணும். அடுத்த வருஷம் நான் பிறந்தேன். தீர்ப்பு காகிதத்துல கம்பீரமா இருந்தது. ஆனா மறுசீராய்வு, தடைன்னு இழுத்து, 2005ல கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தப்ப 500 மீட்டர் 200 ஆச்சு. ஏற்கனவே இருந்த பண்ணைகளுக்கு அதுலயும் விலக்கு.

ஆனா கம்பெனிகளை நிஜமா உலுக்கினது கோர்ட் இல்லை, ஒரு வைரஸ். 1994, 95ல வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமா காலி. காரணம் சுலபம். அப்பல்லாம் டைகருக்குத் தாய் இறாலைக் கடல்லேர்ந்துதான் பிடிச்சு வரணும். அது கூடவே நோயும் பொரிப்பகத்துக்குள்ள வரும். நம்ம மென்பொருள் பாஷையில சொன்னா, யாருன்னே தெரியாதவன் கொடுத்த பென் டிரைவை நேரா சர்வர்ல சொருகுற மாதிரி.

இதுக்குத் தீர்வா வந்ததுதான் வனாமி. பசிபிக் கடல் இறால். தலைமுறை தலைமுறையா தொட்டியிலயே வளர்த்து, குறிப்பிட்ட நோய்க் கிருமிகள் இல்லாத தாய் இறாலை வெளிநாட்டுல உருவாக்கியிருந்தாங்க. 2009ல இந்தியா அனுமதி கொடுத்தது, ஒரு நிபந்தனையோட. விமானத்துல வர்ற தாய் இறால் நேரா பொரிப்பகத்துக்குப் போகக்கூடாது. முதல்ல க்வாரன்டைன். அது எங்க தெரியுமா? நம்ம நீலாங்கரையில! ஹவாய், ஃப்ளோரிடாலேர்ந்தெல்லாம் மீனம்பாக்கத்துல இறங்கி, நீலாங்கரையில தொட்டியில தங்கி, பிசிஆர் டெஸ்ட்ல பாஸானாத்தான் மரக்காணத்துக்கும் ஆந்திராவுக்கும் பயணம். கொரோனா சமயத்துல நம்ம மூக்குல குச்சி விட்டாங்களே, அதே வகை டெஸ்ட். சோழிங்கநல்லூர்ல ஆபீஸ் முடிஞ்சு அக்கரை வழியா எத்தனை தடவை ஈசிஆர்ல போயிருப்பேன்! இந்தியாவோட வனாமி வம்சமே இந்த ரோட்டோரம் தங்கிட்டுப் போயிருக்குன்னு போன மாசம்தான் தெரிஞ்சது.

பலன்? 2023-24ல இந்தியா ஏத்துமதி பண்ண உறைந்த இறால் சுமார் 7.16 லட்சம் டன், மதிப்பு சுமார் 40,000 கோடி ரூபாய். அதுல பெரிய பங்கு அமெரிக்காவுக்கு. தலை கிள்ளி தோலுரிக்கிற ஆலைகள்ல எத்தனையோ பெண்களுக்கு இதுதான் சோறு, மறுக்க முடியாது. ஆனா ஒரே இனம், ஒரே பெரிய வாடிக்கையாளர். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கினப்போ வயித்துல புளி கரைஞ்சது. தாய் இறாலுக்கும் வெளிநாட்டுக் கையை எதிர்பார்க்கணும். நம்ம நாட்டு வெள்ளை இறாலை மேம்படுத்த சிபா 2022ல தொடங்கின திட்டம் அதனால ரொம்ப முக்கியம்.

இதையெல்லாம் பெருமையா அம்மாகிட்ட சொன்னேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டுட்டிருந்தாங்க.

"எறாவை அத்தனை நாள் தனியா வெச்சு டெஸ்ட் பண்றாங்களா?"

"ஆமாம்மா. ஒண்ணுல நோய் இருந்தாலும் உள்ள விட மாட்டாங்க."

"நல்லதுதான். எங்க கிணத்துத் தண்ணியை அப்ப யாருடா டெஸ்ட் பண்ணா?"

எனக்குத் தெரிஞ்ச சட்டப் பிரிவெல்லாம் வாய் வரைக்கும் வந்துச்சு. விவசாய நிலத்தைத் தொடக்கூடாதுன்னு இப்ப விதி இருக்கும்மான்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. தாத்தாவுக்கு அந்த விதி 1993லயே வேண்டியிருந்தது.

இந்த வாரமும் கடல் எறாதான் வாங்கினோம். கிலோவுக்கு நூறு ரூபா ஜாஸ்தி.